இடப்பக்கத்தில் ஒட்டிய சீட்டு

வஜ்ரம் வைத்து ஒட்டுகிற வேலையில் தாராவியில் என்னை அடிக்க இன்றைக்கும் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதில் என்ன தப்பு. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற அந்தப் பசையை எந்தச் சூட்டில் தொட வேண்டும், எத்தனை எண்ணும் வரை அழுத்த வேண்டும் என்பது என் விரலுக்குத் தெரியும். வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு தையல் மெஷினில் ஆரம்பித்தவள், இன்றைக்குக் கீழே ஒன்று மாடியில் ஒன்று என இரண்டு பட்டறை வைத்திருக்கிறேன். நான் செய்த தோல்பையை மாட்டிக்கொண்டு ஏரோப்ளேனில் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒட்டு விட்டுப்போச்சு என்று ஒரு பையும் என்னிடம் திரும்பி வந்ததில்லை. இத்தனைக்கும் நான் படித்தது ஐந்தாம் வகுப்பில் பாதி.

ஆனால் என் ஆயுசில் முதன்முதலாக நான் வஜ்ரம் வைத்து ஒட்டியது பை அல்ல. ஒரு சீட்டு. அந்த ஒட்டும் இன்றுவரை விடவில்லை. அது விடாமல் போனதால் நாங்கள் குடும்பத்தோடு நடுத்தெருவுக்கு வரப் பார்த்தோம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ரேஷனில் சிவப்புச் சோளம் போட்ட காலம். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில், இரண்டு ஆள் எதிரெதிராக வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில், தகரமும் பலகையும் வைத்து அடைத்த ஓர் அறை எங்களுக்கு. அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அய்யாவுக்கு அருகிலேயே தோல்பெட்டி செய்கிற ஒரு பட்டறையில் வேலை. நான் முனிசிபாலிட்டிப் பள்ளிக்கூடத்தில் தமிழில் நாலாம் வகுப்பு.

எங்கள் டீச்சர் செம்பூரிலிருந்து ரயிலில் வருவார். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி, மழையோ வெயிலோ கையில் குடை. அவர் மற்ற டீச்சர்கள் மாதிரி இல்லை. தமிழுக்கு ஒரு நோட்டு, சமூகப் பாடத்துக்கு ஒரு நோட்டு என்று வாங்கச் சொல்லவில்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே நோட்டு. அதைப் பிரித்து வைத்து, "வலப்பக்கம் என்னோடது, இடப்பக்கம் உங்களோடது" என்றார். வலப்பக்கத்தில் அவர் போர்டில் எழுதுவதை எழுத வேண்டும்: நம் நகரம், நகரசபை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது. இடப்பக்கத்தில் அதே விஷயத்தை எங்கள் சந்தில் தேடிப் பிடித்து எழுதவோ வரையவோ ஒட்டவோ வேண்டும். குழாயடி படம், பஸ் டிக்கெட், தீப்பெட்டி லேபிள், கடை போர்டைப் பார்த்து எழுதின எழுத்து, எதுவானாலும் சரி. அதன் அடியில் மூன்று கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். இது என்ன? எப்படி வந்தது? இது யாரைப் பற்றிச் சொல்கிறது? கடைசியில் நமக்கென்று ஒரு கேள்வி. எழுதியதை வகுப்பில் எழுந்து நின்று, ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் விரல் வைத்து, சத்தமாக வாசிக்க வேண்டும். "இருக்கறதை வாசி. இல்லாததை வாசிக்காதே" என்பார்.

வாசிப்பதில் நான்தான் முதல். என் சத்தத்துக்கு அடுத்த வகுப்புப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். ஆனால் ஒட்டுவதில் மளிகைக்கடைக்காரர் மகள் என்னைத் தோற்கடித்துக்கொண்டே இருந்தாள். அவள் வீட்டில் காகிதத்துக்குப் பஞ்சமா? பிஸ்கட் சுற்றிய கலர் தாள், சிங்கப்பூர் தபால்தலை என்று கொண்டுவந்து ஒட்டுவாள். நான் பஸ் டிக்கெட்டையே எத்தனை நாள் ஒட்டுவது?

ஒரு வாரம் டீச்சர் சொன்னார்: "வீட்ல வேண்டாத காகிதம், முத்திரை போட்டதா இருந்தா எடுத்துண்டு வாங்கோ."

எங்கள் தகரப்பெட்டியின் அடியில், அம்மாவின் பழைய சேலைத்துண்டில் சுற்றிய ஒரு சீட்டு இருந்தது. அதில் நீல நிறத்தில் உருண்டையாக ஒரு முத்திரை. அவ்வளவு அழகான முத்திரையை நான் பார்த்ததில்லை. நாங்கள் இந்த அறைக்கு வந்து ஒரு வருசமாக யாரும் அதை வெளியே எடுத்ததில்லை. யாரும் எடுத்துப் பார்க்காத காகிதம் வேண்டாத காகிதம்தானே. அய்யா பட்டறையிலிருந்து சிரட்டையில் கொஞ்சம் வஜ்ரம் வாங்கி, சுடவைத்து, மூலை முடுக்கு விடாமல் தடவி ஒட்டினேன். அதன் மேல் அம்மிக்குழவியை வைத்து ஒரு ராத்திரி விட்டேன்.

சீட்டு மராத்தி எழுத்தில் இருந்தது. அந்த எழுத்தைக் கடை போர்டு பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தேன். இரண்டு நாள் எழுத்துக் கூட்டி அதிலிருந்த பெயரைக் கண்டுபிடித்தேன். இசக்கிமுத்து. அது அய்யாவின் பெயர் இல்லை. அம்மாவிடம் போய், இசக்கிமுத்து யார் என்று கேட்டேன்.

அம்மா கையிலிருந்த முறத்தை அப்படியே கீழே வைத்தாள்.

"யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல. சும்மாத்தான்."

"நமக்கு முந்தி இந்த ரூம்ல இருந்தவரு. கல்யாணுக்குப் போயிட்டாரு. ஏளா, இத யார்ட்டயும் சொல்லக்கூடாது. கேட்டியா?"

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றுதானே அம்மா சொன்னாள். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. சீட்டுக்கு அடியில் எல்லாப் பதிலையும் ஒழுங்காக எழுதி, சனிக்கிழமை நோட்டைக் கொடுத்துவிட்டேன். டீச்சர் எல்லா நோட்டையும் துணிப்பையில் அள்ளிக்கொண்டு செம்பூருக்குப் போனார்.

மறுநாள் ஞாயிறு மத்தியானம் சந்து முழுக்கச் செய்தி பரவியது. ரோடு அகலப்படுத்த அளக்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் முனிசிபாலிட்டிக்காரர்கள் வருகிறார்கள். குடியிருக்க முனிசிபாலிட்டி முன்பு கொடுத்த முத்திரைச் சீட்டு உள்ளவர்களின் கதவில் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர் போடுவார்கள். இல்லாதவர்களின் கதவில் சிவப்புக் குறி. சிவப்புக் குறி போட்ட அறையைச் சனிக்கிழமைக்குள் இடித்துவிடுவார்கள்.

அய்யா தகரப்பெட்டியைத் திறந்தார். சேலைத்துண்டு இருந்தது. சீட்டு இல்லை.

பெட்டியைக் கவிழ்த்தார். பரணில் ஏறினார். அம்மா அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவினாள். பாயை உதறினார்கள். சுவரில் ஒட்டியிருந்த காலண்டரைக்கூடக் கழற்றிப் பார்த்தார்கள். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அது என்ன சீட்டு என்று எனக்குப் பாதி விளங்கியது. சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சுவரில் பட்டறைத் தோல்வார் தொங்கியது. திறந்த வாயை மூடிக்கொண்டேன். சொல்லித்தான் என்ன செய்ய? நோட்டு செம்பூரில் இருக்கிறது. செம்பூரில் எந்தத் தெரு, எந்த வீடு, யாருக்குத் தெரியும்?

அய்யா வேகமாக வெளியே போனார். எங்களுக்கு நேர் எதிர் அறையில் ஓர் அண்ணாச்சி இருந்தார். தட்டுவண்டியில் வாழைப்பழம் விற்பவர். குழாயடியில் டிரம் வைத்த தகராறில் அவருக்கும் அய்யாவுக்கும் பல மாசமாகப் பேச்சு இல்லை. அவரிடம் சீட்டு கிடையாது என்பது சந்துக்கே தெரியும்.

"ஓய், நீருதான்வே எடுத்தீரு. ஒமக்கு இல்லன்னதும் எனக்கும் இருக்கக் கூடாதுன்னு எடுத்தீரு."

அண்ணாச்சி பழத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கையை வேட்டியில் தேய்த்தார்.

"எனக்குச் சீட்டு இல்ல, வாஸ்தவம். அதுக்காக அடுத்தவன் பெட்டியில கைய வைக்கிற வம்சம் இல்லவே நான்."

"வேற யாரு வந்து எடுப்பா? நீரு ஒருத்தருதான நாள் பூரா எதுக்க இருக்கீரு?"

"சத்தத்தக் கொறையும். அது யாரு சீட்டுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீராக்கும்?"

அய்யா உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அம்மா மெதுவாக, "நாளைக்கு அவரு வாயத் தொறந்தாருன்னா?" என்றாள். அண்ணாச்சி வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குப் புரியவில்லை. எடுத்தவள் நான். திருட்டுப் பட்டம் அண்ணாச்சிக்கு. அது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. அன்றைக்குச் சோளக்கஞ்சி யாருக்கும் இறங்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் நேராக, டீச்சர் வந்து இறங்குகிற சயான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். பள்ளிக்கூடம் பதினோரு மணிக்கு. அதுவரை காத்திருந்தால் எங்கள் கதவில் சிவப்பு விழுந்துவிடும். பாலத்துப் படிக்கட்டின் அடியில் நின்றேன். ஒரு வண்டி வந்தது. ஆயிரம் கால் இறங்கியது. குடை இல்லை. இன்னொரு வண்டி. குடை இருந்தது, ஆனால் அது யாரோ பார்சிக் கிழவருடையது. மணி பார்க்கத் தெரியாது. ஒரு போர்ட்டரிடம் மணி கேட்டேன், ஒன்பதே முக்கால் என்றார். அதிலிருந்து ஒவ்வொரு வண்டி போகும்போதும் முனிசிபாலிட்டிக்காரர்கள் எங்கள் சந்தில் ஒரு கதவு தாண்டுகிறார்கள் என்று கணக்குப் போட்டேன். எங்களுடையது பதினாலாவது கதவு. எட்டாவது வண்டியில் டீச்சர் இறங்கினார்.

என்னைப் பார்த்ததும் நின்றார். "என்னடி இங்க நிக்கறே? ஆத்துல யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?"

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பிளாட்பாரத்துச் சுவர் மேல் பையை வைத்து நோட்டைத் தேடி எடுத்தார். மேலே ஒட்டியிருந்த சீட்டைத்தான் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார். அசையவில்லை.

"எதுல ஒட்டினே?"

"வஜ்ரம், டீச்சர்."

"எவ்வளவு?"

"நிறைய, டீச்சர்."

ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பையையும் குடையையும் ஒரு கையில் பிடித்து, இன்னொரு கையால் என்னை இழுத்துக்கொண்டு நடந்தார். நடந்தார் என்பது மரியாதைக்கு. ஓடினார். எங்கள் டீச்சர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நாங்கள் சந்துக்குள் நுழைந்தபோது அண்ணாச்சியின் கதவில் சிவப்பு பூசிக்கொண்டிருந்தார்கள். காக்கிச் சட்டைப் பியூனின் கையில் இரண்டு டப்பா. தொப்பி போட்ட அதிகாரி ஒரு பெரிய பேரேட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். சந்தில் இருந்த அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள். அண்ணாச்சி பழவண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி, பெயின்ட் வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். பேரேட்டைப் பார்த்து, "இசக்கிமுத்து?" என்றார்.

"ஹா, சாப்" என்றார் அய்யா.

பயத்தில் அய்யாவுக்குத் தன் பெயரே குழம்பிவிட்டது என்று நினைத்தேன்.

டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நோட்டை நீட்டினார். "குழந்தை மேல தப்பில்லை. ஒட்டச் சொன்னது நான்" என்று இந்தியில் சொன்னார். அய்யா நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எதிரே இருந்த அண்ணாச்சியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அதிகாரி சீட்டை உற்றுப் பார்த்தார். பின்பக்கத்தில் இன்னொரு முத்திரை இருக்க வேண்டும், அது எங்கே என்றார். கட்டைவிரலால் நெம்பினார். மூலை மட்டும் கிழிந்து வந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அதிகாரி நோட்டின் அந்த ஒற்றைத் தாளைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தார். வஜ்ரம் ஊறிய காகிதம் எண்ணெய்த்தாள் மாதிரி தெளிந்திருந்தது. பின்பக்க முத்திரை உள்ளே நிழலாகத் தெரிந்தது. நான் தடவிய தடவலுக்கு அதுகூடத் தெரியாமல் போகுமா? அதிகாரி தலையை ஆட்டினார்.

பியூன் வெள்ளை டப்பாவில் பிரஷ்ஷை முக்கினான். அந்த நேரம் பார்த்து அதிகாரியின் விரல் சீட்டுக்கு அடியில் இருந்த என் எழுத்தில் வந்து நின்றது.

"யே க்யா லிக்கா ஹை?"

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார். டீச்சர் அப்போதுதான் அதைக் குனிந்து பார்த்தார். பார்த்தவர் சட்டென்று கையை நீட்டி, "பாடம்தான், நான் வாசிக்கறேன்" என்று நோட்டை வாங்கப் போனார். அதிகாரி கொடுக்கவில்லை. எழுதினது இந்தப் பெண்தானே, இவளே வாசிக்கட்டும், நீங்கள் அர்த்தம் சொல்லுங்கள் என்றார்.

எனக்கு இருந்த பயமெல்லாம் அந்த நொடியில் போய்விட்டது. வாசிக்கச் சொன்னால் வாசிக்க வேண்டியதுதானே. நோட்டை வாங்கி நிமிர்ந்து நின்று, விரல் வைத்து, அடுத்த சந்துக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன்.

"இது முத்திரை போட்ட சீட்டு. எங்கள் பெட்டியில் துணிக்குள் இருந்தது."

டீச்சர் இந்தியில் சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

"இதில் உள்ள பெயர் இசக்கிமுத்து."

அதையும் சரியாகச் சொன்னார்.

"அவர் எங்கள் அய்யா இல்லை."

குழாயில் சொட்டுகிற தண்ணீர் கேட்டது. டீச்சர் இந்தியில், இவர்தான் என் அப்பா என்று எழுதியிருக்கிறாள் என்றார். எனக்குத் தெருவில் பழகிய இந்தி நன்றாகவே புரியும். டீச்சருக்கு இந்தி இவ்வளவு மோசமா என்று இருந்தது.

"எங்களுக்கு முன்னால் இந்த ரூமில் இருந்தவர்."

ரொம்ப வருசமாக இந்த அறையில்தான் இருக்கிறோம் என்றார் டீச்சர்.

"அவர் கல்யாணுக்குப் போய்விட்டார்."

"கல்யாண்?" என்றார் அதிகாரி. அந்த ஊர்ப்பெயர் அவருக்குப் புரிந்துவிட்டது. "கல்யாணில் யார்?"

"இவளோட பெரியப்பா" என்றார் டீச்சர்.

எனக்குக் கல்யாணில் பெரியப்பாவே கிடையாது. வேறு எந்தப் பிள்ளையின் நோட்டையோ நினைத்துக்கொண்டு சொல்கிறார் போல என்று, திருத்துவதற்காக அவர் புடவையை இழுத்தேன். டீச்சரின் கை என் தோளில் விழுந்து அழுத்தியது. எலும்பு வலித்தது.

அதிகாரி நோட்டை விட்டுவிட்டு மனிதர்களைப் பார்க்க ஆரம்பித்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வெள்ளை பிரஷ்ஷோடு நின்ற பியூனைக் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு திரும்பி, சிவப்புக் கதவின் முன் நின்ற அண்ணாச்சியைக் கூப்பிட்டார். நீ எதிர் அறைக்காரன், நீ சொல், இந்த ஆள் இசக்கிமுத்துதானா என்று கேட்டார்.

அம்மா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். அய்யா நிமிரவே இல்லை.

அண்ணாச்சி அய்யாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவர் துடைத்து முடிக்க ஒரு வருசம் ஆன மாதிரி இருந்தது.

"ஹா, சாப். இசக்கிமுத்துதான். நான் இங்க வந்த நாள்லேருந்து எனக்கு இவரத் தெரியும்" என்று இந்தியில் சொன்னார்.

எங்கள் கதவில் வெள்ளை நம்பர் விழுந்தது. அவர்கள் அடுத்த கதவுக்குப் போனார்கள். என்னை ஒருவரும் அடிக்கவில்லை. ஒருவரும் பாராட்டவும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். அவ்வளவு பெரிய அதிகாரியின் முன்னால் ஒரு பிழை இல்லாமல் வாசித்திருக்கிறேன், சந்தே வாயடைத்து நின்று கேட்டிருக்கிறது, நல்லா வாசிச்சே என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. டீச்சர்கூட மதியம் வகுப்பில் என்னை வாசிக்க எழுப்பவில்லை. எனக்குப் புது நோட்டு ஒன்று கொடுத்தார். பழைய நோட்டு அப்படியே தகரப்பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. "அந்தப் பக்கத்தை இனிமே யார்கிட்டயும் வாசிக்காதே" என்றார் டீச்சர். தான் தப்பாகச் சொன்னது வெளியே தெரிந்துவிடும் என்று பயப்படுகிறார் என நினைத்து, டீச்சர் மேல் எனக்கு இரக்கமாகக்கூட இருந்தது.

சனிக்கிழமைக்கு முந்தின நாளே அண்ணாச்சி தன் அறையைத் தானே பிரித்தார். இடிக்கிறவர்கள் வந்தால் தகரம் நெளிந்துவிடும் என்றார்கள். யாரும் கூப்பிடாமலே அய்யா பட்டறைக்கு லீவு போட்டுவிட்டுப் போய், ஒவ்வொரு தகரமாகக் கழற்றிப் பழவண்டியில் ஏற்றினார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசாத ஆளுக்கு எதற்குத் தகரம் தூக்குகிறார் என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

வண்டியில் கயிறு கட்டும்போது நான் அண்ணாச்சியிடம் போனேன்.

"நான் வாசிச்சது ஒங்களுக்குக் கேட்டுச்சா, அண்ணாச்சி?"

"நல்லாக் கேட்டுச்சு. ஏளா, தெளிவா வாசிச்ச."

ஒரு ஆளாவது சொன்னாரே என்று மனம் குளிர்ந்துபோயிற்று. அந்தச் சந்தோஷத்தில், அவருடைய தப்பையும் சொல்லிவிட்டேன்.

"ஆனா நீங்க தப்பாச் சொல்லிட்டிய. எங்கய்யா பேரு இசக்கிமுத்து இல்ல. ஒங்களுக்கு எங்கய்யா பேரு தெரியாதா?"

அய்யாவின் கையிலிருந்த கயிறு நின்றது. அண்ணாச்சி முடிச்சை இறுக்கிக்கொண்டே, "மறந்து போச்சுளா" என்றார்.

இத்தனை மாசம் பேசாமல் இருந்தால் எதிர் அறைக்காரர் பெயர்கூட மறந்துவிடும் போலிருக்கிறது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் உள்ளே ஓடி, புது நோட்டின் முதல் இடப்பக்கத்தைக் கிழித்து, அய்யாவின் உண்மையான பெயரைப் பெரிய எழுத்தில், ஒரு பிழை இல்லாமல் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தேன். இனிமேல் யாராவது கேட்டால் இதைப் பார்த்துச் சரியாகச் சொல்லுங்கள் என்றேன். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அய்யாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.